இருள்வேலி தரும் தலைமைப் பாடங்கள்

மே 30, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது போலத்தான் தெரிகிறது.

கல்லூரியில் வணிகவியல் துறையை மூடிய பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய இடம். செல்போன் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொஞ்சம் தள்ளி விடுதி, போய்வரப் பேருந்து. மனிதவள மேலாளர் சிவநேசன் என்னைவிட இளையவர். எழுந்து நின்று கை கொடுத்தார்.

வழக்கமாகக் காட்டும் படங்களைத் திறந்தேன். இரண்டாவது படத்திலேயே கையை உயர்த்திவிட்டார். "சார், இந்தக் கழுகு கதை, தவளை கதை எல்லாம் போன வருஷம் ஒருத்தர் வந்து சொல்லிட்டாரு. பொண்ணுங்க பாதி பேர் தூங்கிட்டாங்க. புதுசா ஏதாவது இருக்கா?"

என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. வாயில் வந்தது 'இருள்வேலி'. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி மங்கை பள்ளிக்கூட வேலையிலிருந்து வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் தொடர். காட்டின் நடுவே ஒரு கோட்டை, அதைச் சுற்றிப் பறக்கும் எரிநாகங்கள், நோய்ப்பட்ட அரசன், படைத்தலைவி கொற்றி, தந்திரக்கார அமைச்சர் நெடுங்கிளி. "அதிலிருந்து தலைமைப் பாடங்கள்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வகுப்பு அந்த நிமிடம் வரை என் தலையில் இல்லை.

சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹாஸ்டல்ல எல்லாப் பொண்ணும் போன்ல அதத்தான் பாக்குது சார். சூப்பர்."

சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு. ஒவ்வொரு உற்பத்தி லைனிலிருந்தும் சிலரை அனுப்புவார்களாம்.

மங்கையிடம் சொன்னேன். "நான் பார்க்கும்போதெல்லாம் சத்தத்தைக் குறைன்னு சொன்ன மனுஷன்" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. காயில் சுற்றிக் கட்டக் கடையில் கொடுத்திருக்கிறேன். குடத்தில் தண்ணீர் தூக்கியபடி தொடரை முதலிலிருந்து பார்க்கிறேன். உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 7, சனி

கேண்டீனுக்கு மேலே உள்ள கூடம். நீலச் சீருடையில் இளம்பெண்கள். "தலைவர் என்றால் யார்?" என்று கேட்டேன். "மேனேஜர் சார்" என்று ஒரே குரலில் பதில்.

முற்றுகைக் காட்சியைப் போட்டேன். கோட்டைக் கிணறு வற்றுகிறது. தண்ணீருக்கு வரிசை நிற்கிறது. கொற்றி வந்து வரிசையின் கடைசியில் நிற்கிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்றேன்.

"நிறுத்தாதீங்க சார், அடுத்து பாம்பு வரும்!" என்று நடுவிலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. எழுந்து நிற்கச் சொன்னேன். ஒல்லியான பெண், பெயர் எழிலரசி, போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். "கடைசில நின்னா தண்ணி கெடைக்காது சார். ஆனா எல்லார் மூஞ்சியும் தெரியும். யாரு மயக்கம் போடப்போறான்னு தெரியும். அதுக்குத்தான் நிக்கிறா" என்றாள்.

பக்கத்திலிருந்த பெண் அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். "நீ ஒருத்தி. அவளுக்குத் துட்டு குடுத்து நிக்க வச்சிருக்காவ. அவ நடிக்கா." இவள் ஜெபக்கனி, தூத்துக்குடிப் பக்கம். இருவரும் ஒரே அறையாம், ஒரே லைனாம்.

அதன் பிறகு வகுப்பு என் கையில் இல்லை. கொற்றி செய்தது சரியா தப்பா என்று அவர்களே சண்டை போட்டார்கள். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக இப்படி ஒரு வகுப்பு எப்போது நடந்தது என்று யோசித்தபடியே பேருந்தில் வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மங்கை உப்புத் தண்ணீர் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். எனக்குத்தான் அரிக்கிறது.

ஜூன் 14, சனி

இன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

நான் ஒரு கேள்வி கேட்டால் இந்தப் பெண்கள் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு கணம் எழிலரசியைப் பார்க்கிறார்கள். அவள் சிரித்தால் சிரிக்கிறார்கள். அவள் முகம் சுளித்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவளுக்கே இது தெரியாது என்று நினைக்கிறேன். சூப்பர்வைசரும் அல்ல, வயதில் மூத்தவளும் அல்ல. விடுதிப் பேருந்து தினமும் சாலை முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்ததாம். இவள் டிரைவரிடமும் டிரான்ஸ்போர்ட் ஆபீசிலும் பேசி, இப்போது விடுதி வாசலுக்கே வருகிறதாம். இவளாக அதைச் சொல்லவில்லை. ஜெபக்கனிதான் சொன்னாள்.

தொடரிலும் இதே விஷயம் இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் அரசன் ஆணையிட்டதும் வீரர்களின் கண்கள் கொற்றியின் பக்கம் திரும்புகின்றன. உடனே ஒரு பாடம் எழுதினேன்: 'கட்டளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதே. கட்டளை வந்ததும் கண்கள் எங்கே போகின்றன என்று பார்.' இத்தனை வருடம் மற்றவர்கள் எழுதியதையே பாடமாக நடத்தியவனுக்கு இது சொந்தச் சரக்கு.

சிவநேசன் சாப்பிடக் கூப்பிட்டார். அதிகாரிகள் சாப்பிடும் அறை. "எப்படி சார் போகுது? யாராவது தேறுவாங்களா?" என்றார். பாயசம் வந்தது. உற்சாகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கண்கள் திரும்புவதை, பேருந்து விஷயத்தை, பெயரையும்.

"அருமை சார். எங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது" என்றார்.

ஜூன் 21, சனி

இன்று மேலாளர்களுக்குத் தனி வகுப்பு. சிவநேசன் கேட்டபடி அமைச்சர் நெடுங்கிளியை எடுத்தேன். 'தலைவர் செய்யக்கூடாதவை' என்று தலைப்பு வைத்திருந்தேன்.

வில்லவன் என்ற தளபதியை வீரர்கள் கொண்டாடுகிறார்கள். அரசனுக்குப் பயம், கொன்றுவிடு என்கிறான். நெடுங்கிளி தாடியைத் தடவியபடி சொல்கிறான்: "கொன்றால் அவன் பேரில் பாட்டுக் கட்டுவார்கள், வேந்தே. பட்டம் கொடுத்துப் பனிக்கணவாய்க்கு அனுப்புங்கள். அங்கே அவன் பேச்சைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்."

நல்லவனை ஒதுக்கிய கோட்டை எப்படி வீழ்ந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்குள், "அந்த சீனை இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார் ஆலைத் தலைவர். போட்டேன். கைதட்டினார்கள். கோட்டை வீழ்ந்த கதைக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

ஜூன் 28, சனி

எழிலரசி வரவில்லை. அவள் இடம் காலியாகவே இருந்தது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

வடக்கே உள்ள தொழிற்சாலைக்குப் பதவி உயர்வில் அனுப்பியிருக்கிறார்களாம். சிவநேசன் தோளில் தட்டினார். "உங்க வார்த்தைக்கு மதிப்பு குடுத்தோம் சார். டீம் லீடர் போஸ்ட்."

நல்ல செய்தி. ஒரு கிராமத்துப் பெண் இந்த வயதில் டீம் லீடர் ஆவது எளிதா? என் வகுப்பால் ஒருத்திக்காவது வழி திறந்திருக்கிறது. நல்ல செய்திதான்.

வகுப்பு கொஞ்சம் மந்தம். மழை வரும்போல இருக்கிறது, புழுக்கம்.

ஜூன் 29, ஞாயிறு

எழிலரசி போன் செய்தாள். என் எண்ணை ஜெபக்கனியிடம் வாங்கினாளாம்.

"ரொம்ப தேங்ஸ் சார். நீங்கதான் நல்லா சொன்னீங்கன்னு ஹெச்ஆர் சார் சொன்னாரு. எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிகினு இருக்குது."

"வேலை எப்படி இருக்கிறது?" என்றேன்.

"ஸ்டோர் ரூம்ல ஒக்கார வச்சிருக்காங்க சார். தனியாத்தான். டீம் பின்னாடி குடுப்பாங்களாம். இந்தி கத்துக்கணும். யாராண்டயும் பேச முடியல, அதான் கஷ்டம்." பிறகு அவளே, "பழகிடும் சார்" என்றாள்.

பழகிவிடும் என்று நானும் சொன்னேன்.

மோட்டார் வந்துவிட்டது. ஆனால் சத்தம் போடுகிறது.

ஜூலை 4, வெள்ளி

மங்கையோடு தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லவன் பனிக்கணவாயில் ஒற்றை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தது. எழிலரசி விஷயத்தை மங்கையிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணுக்கு டீம் குடுத்துட்டாங்களா?" என்றாள்.

"கொடுப்பார்கள்" என்றேன்.

"ம்" என்றாள்.

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்ச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூலை 5, சனி

பேருந்து பழையபடி சாலை முனையிலேயே நின்றுவிடுகிறதாம். ஒரு பெண் சொன்னாள். சொன்னவுடன் எல்லோரும் திரும்பிப் பார்த்தது காலியான அந்த நாற்காலியை. பிறகு மெதுவாக அதற்குப் பக்கத்து நாற்காலியை. அங்கே ஜெபக்கனி இருந்தாள்.

சிவநேசன் சாப்பிடக் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

சிவநேசன் காலையிலேயே போன் செய்தார். விடுதியில் நேற்றைய சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பல பெண்கள் ஆஸ்பத்திரியில். மற்றவர்கள் பேருந்தில் ஏறாமல் விடுதி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சமையல் கான்டிராக்டரை மாற்றினால்தான் எழுந்திருப்போம் என்கிறார்கள்.

"ஒருத்தர் உள்ள வந்து பேசுங்கன்னு சொன்னோம் சார். ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டேங்குது. நீங்க இவ்வளவு நாள் பழகியிருக்கீங்க. யார் பேச்சுக்கு அடங்குவாங்க?"

கண் முன்னால் ஒரு முகம் வந்தது. "எல்லோரும் ஒரே மாதிரிதான் சார். அப்படி யாரும் இல்லை" என்றேன்.

"யாருமே இல்லையா?"

"இல்லை."

போனை வைத்த பிறகு மனம் லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன்.

மாலையில் மறுபடியும் அவரே கூப்பிட்டார். பிரச்சினை முடிந்துவிட்டதாம், கான்டிராக்டரை மாற்றச் சம்மதித்தார்களாம். உள்ளே வந்து பேசியது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

சிவநேசன் இன்று கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். "சும்மா பாக்கறேன் சார், நீங்க நடத்துங்க."

என்ன செய்வதென்று புரியவில்லை. யாரையும் பேசவிடக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. படம் போடவில்லை. கேள்வி கேட்கவில்லை. கல்லூரியில் நோட்ஸ் சொல்வது போல மேலாண்மைத் தத்துவங்களை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். திட்டமிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். தூங்கட்டும் என்று இருந்தது எனக்கு.

ஜெபக்கனி கை தூக்கினாள். பார்க்காதது போல இருந்தேன். மறுபடியும் தூக்கினாள். பலகையின் பக்கம் திரும்பி நின்று எழுதினேன்.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்று எழுந்தே விட்டாள்.

"உட்காரம்மா. கடைசியில் கேட்கலாம்."

"எப்பமும் எங்களப் பேசச் சொல்லுவிய. இன்னைக்கு என்ன சார், வாயத் திறக்க விடமாட்டேங்கிய? எங்க மேல கோவமா? நாங்க வாசல்ல உக்காந்தது தப்புன்னு நினைக்கியளா?"

"அதெல்லாம் இல்லை. உட்கார்."

"தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க சார். எழில் இருந்தா அவ கேட்டிருப்பா. அவ இல்ல, அதான் நான் கேக்கேன். எத்தன பிள்ளைய ஆஸ்பத்திரில கெடந்தாவ. நாங்க வேற என்ன செஞ்சிருக்கணும்?"

கூடம் முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்தவரும்.

"நீங்கள் செய்தது சரிதான்" என்று சொல்லியிருக்க வேண்டும். "நேரமாகிவிட்டது" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மனம் கேட்காமல் சிவநேசனைப் பார்க்கப் போனேன். வெளியே நிறைய நேரம் உட்காரவைத்தார்கள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த ஜெபக்கனி விளையாட்டுப் பெண். ஏதோ வாய்த்துடுக்கு. அவளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் பார்த்தவரையில் அவளிடம் தலைமைப் பண்பு எதுவும் இல்லை.

சிவநேசன் பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார்.

"சார், நீங்க நல்லவரு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. ஆனா அன்னிக்கு நீங்க சொல்லிக்குடுத்தீங்களே, கண்ணு எங்க திரும்புதுன்னு பாருன்னு. அது ரொம்ப பெரிய விஷயம் சார். மேனேஜ்மென்ட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனிமே உங்கள தொந்தரவு பண்ண வேண்டியதே இல்ல. கேண்டீன்ல கேமரா இருக்கு. சத்தம்கூட வேணாம், பாத்தாலே தெரிஞ்சிடுது."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

"எழிலரசி?" என்றேன்.

"அந்தப் பொண்ணு போன வாரமே ரிசைன் பண்ணிடுச்சே. நாங்க வேணாம்னு சொல்லல சார். அதுவாத்தான் எழுதிக் குடுத்துச்சு."

ஜூலை 15, செவ்வாய்

மீதி வகுப்புகளை எடுக்கமாட்டேன் என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று மங்கையிடம் சொன்னேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எழுதினா அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது."

"எழுதலைன்னா?"

"ஒன்றும் ஆகாது."

அவள் மாவைத் திருப்பிப் போட்டாள். நான் எழுதவில்லை.

ஜூலை 19, சனி

ஜெபக்கனி இல்லை. நன்னடத்தைக் குறைவு என்று நிறுத்திவிட்டார்களாம். பெட்டியோடு வாசலில் நின்றவளை வழியனுப்பப் போகக்கூடாது என்று மற்றவர்களுக்கு உத்தரவாம். இதை என்னிடம் சொன்ன பெண், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கேள்வி கேட்டேன். பழக்கதோஷம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரோ அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அல்லது அவர்களே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இவ்வளவு ஒழுங்கான வகுப்பை நான் நடத்தியதே இல்லை.

ஜூலை 26, சனி

நிறைவு விழா. சால்வை, பூங்கொத்து, எல்லோரோடும் ஒரு படம். ஆலைத் தலைவர் என் வகுப்பைப் பாராட்டிப் பேசினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இருள்வேலி கடைசிப் பகுதி. கொற்றி கோட்டையை மீட்டுவிட்டாள். மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் முருங்கையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழிலரசி போன் செய்தாள். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் எடுக்கலாமா என்று தயங்கினேன். எடுத்தேன்.

ஊருக்கு வந்துவிட்டாளாம். அம்மாவிடம் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். ஊரில் எல்லோரும் டீம் லீடர், டீம் லீடர் என்று கூப்பிடுகிறார்களாம். வெளியே தலைகாட்ட முடியவில்லை என்றாள்.

"ஜெபா பேசினா சார்" என்றாள் பிறகு.

போனை எடுத்துக்கொண்டு முருங்கைப் பக்கம் போனேன்.

"எல்லாத்தையும் வெச்சு யோசிச்சோம். நாங்க உங்களாண்ட சொன்னது, நீங்க அவங்களாண்ட சொன்னது, அவங்க பண்ணது எல்லாம். கொஞ்ச நாள் ரொம்பக் கோவமா இருந்திச்சு சார் உங்க மேல."

"எழில், நான் வேண்டுமென்று..."

"தெரியும் சார். உட்டுடுங்க." உடனே விஷயத்துக்கு வந்தாள். "ஒரு உதவி வேணும். அதுக்குத்தான் பண்ணேன். செய்யாறுல வேற ஒரு கம்பெனில ஷூ தைக்கற எடத்துல ஆள் எடுக்கறாங்க. முன்ன வேலை செஞ்ச எடத்துல தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரு கேக்கறாங்க. பழைய ஹெச்ஆர் பேரு எப்படிக் குடுக்கறது? எனக்கு வேற யாரத் தெரியும்? உங்க பேரக் குடுத்துட்டேன்."

"தாராளமாகக் கொடும்மா. உன்னைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும்..."

"சார், சார். அதான் சொல்ல வந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் அம்மா இருந்திருக்க வேண்டும். "இந்தத் தடவ நல்லா சொல்லிடாதீங்க சார்."

ஆகஸ்ட் 6, புதன்

செய்யாறிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல், மரியாதையாகப் பேசினார். எழிலரசி என்ற பெண்ணுக்கு நீங்கள் பயிற்சி கொடுத்தீர்களா, எப்படிப்பட்ட பெண் என்று கேட்டார்.

"சாதாரணமான பெண்" என்றேன். "அதிர்ந்து பேசமாட்டாள். சொன்ன வேலையைச் செய்வாள்."

"மத்தவங்களோட எப்படி சார்? குரூப் சேர்க்கறது, கேள்வி கேக்கறது, அந்த மாதிரி ஏதாவது?"

"அவளுக்கு அதெல்லாம் வராது அம்மா. என் வகுப்பில் இருந்தாள் என்றே எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்."

அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நன்றி சார்" என்றார். "இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் எங்களுக்கு வேணும்."